பாக்கெட் ரிவால்வருக்கு உறை தேடிய கதை

படுக்கையறைக் கண்ணாடி முன்னால் நின்று, காலி ரிவால்வரைப் பேண்ட் பாக்கெட்டிலிருந்து உருவிப் பார்த்தேன். ரிவால்வர் வந்தது. கூடவே உறையும் வந்தது. பாதி கழற்றிய காலுறை மாதிரி அந்தத் தோல் உறை குழலைக் கவ்விக்கொண்டு தொங்கியது. கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "ஏங்க, ஒரு நிமிஷம் இருப்பா, இதைக் கழட்டிக்கிறேன்னு திருடன்கிட்டச் சொல்லுவீங்களா?"

அறுபது டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய உறை அது. கடையில் பார்த்தபோது பளபளவென்று, கல்யாண மாப்பிள்ளை ஷூ மாதிரி இருந்தது. அதில் தொடங்கி, எனக்குச் சரிப்பட்டு வரும் உறையைக் கண்டுபிடிக்க ஒன்றரை வருஷமும் நாலு உறைகளும் ஆயின. அந்த அலைச்சலை எழுதி வைத்தால் இங்கே அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் நாலு பேருக்காவது காசு மிச்சமாகும் என்று தோன்றியது.

ஹூஸ்டனுக்குக் கிழக்கே பேடவுன் பக்கம், பெட்ரோல் பங்கோடு சேர்ந்த சின்னக் கடையை 2014 முதல் நடத்துகிறேன். சிகரெட், குளிர்பானம், லாட்டரிச் சீட்டு, ஐஸ் மூட்டை. இரவு பதினொன்றுக்குப் பூட்டிவிட்டு, அன்றைய வசூலோடு கார் வரை நடக்க வேண்டிய அறுபது அடிதான் என் பிரச்சினை. பக்கத்துக் கடைக்காரர் ஒருவரை அதே மாதிரி அறுபது அடியில் மறித்துப் பணத்தைப் பறித்த பிறகுதான் நான் துப்பாக்கியைப் பற்றி யோசிக்கவே ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நம்மவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அதை வக்கீலிடம் கேட்காமல் நம்பி இறங்காதீர்கள். நண்பனின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்த்த படம் கூட வம்பில் முடியலாம். நான் கிரீன் கார்டு வந்த பிறகு 2017-இல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கான டெக்சஸ் லைசென்ஸ் எடுத்தேன். வகுப்பு முடிந்ததும் சுடும் தேர்வு: மூன்று கஜத்தில் 20, ஏழு கஜத்தில் 20, பதினைந்து கஜத்தில் 10 என்று மொத்தம் 50 தோட்டா. 250-க்கு 175 எடுத்தால் தேறலாம். 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயதான, சட்டத் தடை ஏதும் இல்லாத பெரும்பாலோர் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்று டெக்சஸில் ஆகிவிட்டது. இருந்தாலும் நான் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேறு பல மாநிலங்களில் அது செல்லும். அதோடு பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிற கூட்டாட்சிச் சட்டம், அந்த மாநிலத்து லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்குத் தருகிறது. என் வீட்டுக்கும் கடைக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

சரி, ஏன் பாக்கெட்? இடுப்பில்தான் முதலில் வைத்துப் பார்த்தேன். சிகரெட் அலமாரி கல்லாவுக்கு மேலே இருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட் சிகரெட்டுக்கும் கையைத் தூக்கினால் சட்டை மேலேறும். குளிர்பானம் அடுக்கக் குனிந்தால் முதுகுப்பக்கம் புடைக்கும். முன்பக்கம் வைக்க என் தொப்பை இடம் கொடுக்கவில்லை. ஹூஸ்டன் வெயிலுக்குக் கோட்டு போடவும் முடியாது. மிச்சம் இருந்தது பேண்ட் பாக்கெட்தான்.

பாக்கெட் என்று முடிவானதும் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது லேசாகிவிட்டது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 வாங்கினேன். 1950-இல் வந்த சீஃப்ஸ் ஸ்பெஷல் என்ற ரிவால்வரின் வாரிசு, ஜே-ஃபிரேம் என்று சொல்லும் சின்னச் சட்டக வகை. ஐந்து தோட்டா கொள்ளும், தோட்டா .38 ஸ்பெஷல் என்னும் வகை, குழல் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. சட்டகம் அலுமினியக் கலவை என்பதால் காலியாக 14.4 அவுன்ஸ், அதாவது சுமார் 410 கிராம். ஐந்து தோட்டாவும் போட்டால் அரைக் கிலோவை நெருங்கும். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஹேமர் உள்ளேயே மறைந்திருக்கும்; அதனால் உருவும்போது துணியில் மாட்ட ஒன்றுமில்லை. இதே வேலைக்கு 2009-இல் வந்த ரூகர் கம்பெனியின் எல்சிஆர் ரிவால்வரும் நல்லதுதான். 13.5 அவுன்ஸ், டிரிகர் இன்னும் மிருதுவாக இழுபடும். எனக்கு 642-இன் பிடி கைக்கு வாகாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

இதற்கு உறை எதற்கு, அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன். 642-இன் டிரிகரை இழுக்கப் பன்னிரண்டு பவுண்டு வாக்கில் விசை வேண்டும், தானாக எப்படி வெடிக்கும் என்பது அந்த வாதம். அதே பாக்கெட்டில் கார் சாவி இருந்தால், கல்லா மேஜையின் மூலையில் தொடை அழுந்தினால், கை உள்ளே போகும்போது விரல் தவறான இடத்துக்குப் போனால் என்று யோசித்துப் பாருங்கள். 2008 நவம்பரில் நியூயார்க் ஜயண்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ப்ளாக்ஸிகோ பரஸ் நியூயார்க்கின் ஒரு இரவு விடுதியில் தன் தொடையையே சுட்டுக்கொண்டார். உறை இல்லாமல் இடுப்பில் செருகியிருந்த கிளாக் துப்பாக்கி கால்சட்டைக்குள் நழுவியது; பிடிக்கப் போனார்; டிரிகர் அழுந்திவிட்டது. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்று தந்த டச்டவுனைப் பிடித்தவர். நியூயார்க்கில் செல்லுபடியாகும் லைசென்ஸும் இல்லாததால் மறுவருஷம் இரண்டாண்டுச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. அவருடையது ரிவால்வர் இல்லை, பாக்கெட்டும் இல்லை. ஆனாலும் உறையில்லாத துப்பாக்கி நகரும், நகர்ந்தால் கை தானாகப் பிடிக்கப் போகும். அந்தக் கை யாருடையதாக இருந்தாலும் அப்படித்தான் போகும்.

ஆக, உறை டிரிகரை முழுசாக மூட வேண்டும். துப்பாக்கி பிடி மேலாக, ஒரே நிலையில் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே பார்த்தால் துப்பாக்கியின் உருவம் தெரியாமல் மழுப்ப வேண்டும். இந்த மூன்றையும் பெரும்பாலான உறைகள் எப்படியோ செய்துவிடுகின்றன. நாலாவது வேலையில்தான் பாதி உறைகள் கோட்டை விடுகின்றன: துப்பாக்கி வெளியே வரும்போது உறை உள்ளேயே தங்க வேண்டும். இடுப்பு உறையைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும். பாக்கெட் உறையைப் பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உள்ளே வழுக்கணும், வெளியே ஒட்டணும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதைப் பாக்கெட்டுக்குள் நிறுத்துகிறது.

என் முதல் உறையில் இது தலைகீழாக இருந்தது. உள்ளே புதுத் தோல், ரிவால்வர் வடிவத்துக்கு இறுக்கமாக அச்சு வார்த்தது. வெளியே மெருகு போட்ட வழவழப்பு. ரிவால்வரை உறை விடவில்லை, உறையைப் பாக்கெட் பிடிக்கவில்லை. தோல் பழகினால் சரியாகிவிடும் என்றார் விற்றவர். ஒரு நாள் இரவு முழுக்க ரிவால்வரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றி உறைக்குள் திணித்து வைத்து இளக்கிப் பார்த்தேன். கொஞ்சம் இளகியது. ஜூலை வந்தது, ஹூஸ்டன் ஈரத்திலும் என் வியர்வையிலும் தோல் ஊறி மறுபடி இறுகிக்கொண்டது. தோல் உறையே கூடாது என்று சொல்ல மாட்டேன். சொரசொரப்பான பக்கம் வெளியே வரும்படி தைத்த தோல் உறைகள் பாக்கெட் துணியை நன்றாகப் பிடிக்கும். பின்பக்க மூலையில் கொக்கி மாதிரி நீட்டி வைத்திருந்தால், உருவும்போது அந்தக் கொக்கி பாக்கெட்டின் விளிம்பில் மாட்டி உறையை நிறுத்திவிடும். கால்கோ என்ற கம்பெனியின் பாக்கெட் உறைகளில் இப்படிப் பார்த்திருக்கிறேன். குதிரைத்தோலில் செய்வதும் உண்டு. மாட்டுத்தோலைவிட வியர்வையை அதிகம் தாங்கும் என்பார்கள். என்னிடம் இருந்ததில் சொரசொரப்பும் இல்லை, கொக்கியும் இல்லை.

இரண்டாவதாக வாங்கியது மலிவான துணி உறை. கொளகொளவென்று, ஒரு துப்பாக்கிக்கென்று இல்லாமல் பல அளவுக்கும் பொருந்தும்படி தைத்தது. உருவினால் உள்ளேயே தங்கியது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் உட்கார்ந்து எழுந்தால் பாக்கெட்டுக்குள் படுத்துவிடும். கல்லாவில் நாலு மணி நேரம் நின்றுவிட்டுக் கையை விட்டால், பிடி இருக்க வேண்டிய இடத்தில் குழல் இருக்கும். ஒரு வருஷத்துக்குள் துணி நைந்தும் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துடைக்கும்போது, காலி ரிவால்வரை உறையில் போட்டு வெளியிலிருந்து டிரிகர் இருக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். துணி வழியாகவே டிரிகர் அசைந்தது. அன்றைக்கே அதைக் குப்பையில் போட்டேன். இப்போது யாராவது என்னிடம் உறை வாங்கப் போகிறேன் என்றால் இந்தச் சோதனையைத்தான் முதலில் சொல்கிறேன். துப்பாக்கி காலி என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, உறைக்கு வெளியிலிருந்து கட்டைவிரலால் டிரிகரைத் தேடுங்கள். கிடைத்தால் அந்த உறை வேண்டாம், எவ்வளவு சௌகரியமாக இருந்தாலும் சரி.

மூன்றாவது கைடெக்ஸ். சூடாக்கி அச்சில் வார்க்கும் கெட்டிப் பிளாஸ்டிக். டிரிகரை இரும்புப் பெட்டி மாதிரி மூடிக்கொள்ளும், வியர்வை ஏறாது. ரிவால்வரை உள்ளே தள்ளினால் 'டக்' என்று பூட்டும். உருவும்போது உறையின் மேல் விளிம்பில் இருக்கும் திட்டைக் கட்டைவிரலால் கீழே தள்ளிக்கொண்டே பிடியை மேலே இழுக்க வேண்டும். பழகினால் வேகமாக வரும். என் மைத்துனர் டாலஸில் இதைத்தான் வைத்திருக்கிறார், சத்தியம் செய்கிறார். எனக்கு அதன் விளிம்பு தொடையில் குத்தியது. அதோடு, கைடெக்ஸ் ஒரு துப்பாக்கி வடிவத்துக்கென்றே வார்ப்பது. ஜே-ஃபிரேமுக்குச் செய்தது எல்சிஆருக்குச் சரியாகப் பொருந்தாது, டிரிகர் வளையம் வேறு. மைத்துனர் எல்சிஆர் வைத்திருப்பவர். "மாமா, என்னோடதைப் போட்டுப் பாருங்க" என்று கொடுத்ததை என் ரிவால்வரில் வலுக்கட்டாயமாகத் தள்ளப் போய், ஒரு ஞாயிறு மத்தியானம் இருவரும் அதைப் பிரித்தெடுக்கத் திணறினோம். நல்லவேளை, காலி ரிவால்வர்.

இந்த நேரத்தில்தான் நான் போகும் சுடுதளத்தில் ஒரு பெரியவரிடம் புலம்பினேன். எழுபதைத் தாண்டியவர், நாற்பது வருஷமாக ஜே-ஃபிரேமைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடப்பவர். நான் மூன்று உறைகளையும் மேஜையில் பரப்பினேன். அவர் ஒன்றையும் கையால் தொடவில்லை. என் பேண்ட்டைப் பார்த்தார். "பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டு" என்றார். இழுத்தேன். சல்லாத் துணி மாதிரி மெல்லிய பாலியெஸ்டர் பை, ஆழமும் இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன இஞ்ச் டேப்பை எடுத்தார், தச்சர் வேலை பார்த்தவராம். வாய் ஐந்தரை அங்குலம். வாயின் கீழ்முனையிலிருந்து அடி வரை நாலு. "நீ உறையை மாற்றிக்கொண்டே இருக்கிறாய். வீடு சரியில்லாதபோது கட்டிலை மாற்றி என்ன ஆகும்?" என்று கேட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் எல்லாப் பேண்ட்டையும் அளந்தேன். 642-இன் நீளம் 6.3 அங்குலம். தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டர் இருக்கும் இடத்தில் தடிமன் 1.3 அங்குலம். இதற்கு மேல் உறையின் கனம், அப்புறம் பிடியைப் பற்றிய என் முஷ்டி. உள்ளே போன கை வெறுங்கை. வெளியே வருவது துப்பாக்கியைப் பற்றிய கை. பானைக்குள் கைவிட்டுப் பிடி கடலையை அள்ளிக்கொண்ட குரங்கு வெளியே எடுக்க முடியாமல் தவித்ததாம், அந்தக் கதைதான். ஜீன்ஸ் பாக்கெட்டில் எனக்கு நடந்தது அதுவே: துப்பாக்கி உள்ளே வசதியாகப் போனது, முஷ்டி வெளியே வரவில்லை. இதற்குப் பெரியவர் சொன்ன வித்தை, கட்டைவிரலைப் பிடியைச் சுற்றி மடக்காமல் சட்டகத்தின் பின்பக்க மேல் வளைவில், ஹேமர் மறைந்திருக்கும் அந்தக் கூம்பில் படிய வைத்து இழுப்பது. கை அகலம் நன்றாகக் குறையும், வெளியே வந்த பிறகு மடக்கிக்கொள்ளலாம். ஹேமர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பழைய ரிவால்வர் உள்ளவர்களும் கட்டைவிரலை ஹேமர் மேல் வைத்து மூடி இழுத்தால் துணியில் மாட்டாது. பிடிகூட முக்கியம். மிருதுவான ரப்பர் பிடி கைக்குச் சுகம், ஆனால் பாக்கெட் துணியைக் கவ்வும். நான் வழுவழுப்பான மரப் பிடிக்கு மாறினேன். சுடும்போது உள்ளங்கையில் கொஞ்சம் அடிக்கும், பரவாயில்லை.

நாலாவதாக டிசாண்டிஸ் கம்பெனியின் நெமசிஸ் என்ற உறையை வாங்கினேன். முப்பது டாலர்கூட ஆகவில்லை. வெளியே ரப்பர் மாதிரி ஒட்டும் துணி, நடுவில் நுரை, உள்ளே வழுக்கும் நைலான். பார்க்க அழகு கிடையாது. அடுப்படிக் கைப்பிடித் துணியை ரிவால்வர் வடிவத்தில் தைத்த மாதிரி இருக்கும். நுரையால் உருவமும் மழுங்கிவிடும். டிரிகர் இருக்கும் இடத்தில் அழுத்தினால் டிரிகர் சிக்குவதில்லை. அதுவும் என் பழைய பாலியெஸ்டர் பாக்கெட்டில் பத்துக்கு மூன்று தடவை கூடவே வெளியே வந்தது. ஒட்டும் துணி ஒட்டிக்கொள்ள எதிரே ஒரு துணி வேண்டுமே. வழுக்கும் பாலியெஸ்டர் பையை அது பிடித்துக்கொண்டாலும், பை முழுசும் அதோடு வெளியே புரண்டு வந்தது.

2019 டிசம்பரில் ராஜபாளையம் போனபோது, வழக்கமாகத் தைக்கும் டெய்லர் அண்ணாச்சியிடம் மூன்று பேண்ட் துணி கொண்டுபோனேன். ரிவால்வரும் உறையும் அமெரிக்காவில் பூட்டிக் கிடந்தன. அந்தப் பருமனுக்கு ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி எடுத்துப் போயிருந்தேன்.

"வலது பாக்கெட் வாய் ஏழு இஞ்ச் வேணும், அண்ணாச்சி."

"ஏழா? கையை விடவா, தலையை விடவா?"

"பெரிய போன் வைக்கணும்." அட்டைப்பெட்டியை நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது போன் இல்லையே தம்பி, டிபன் பாக்ஸ் சைஸ்ல இருக்கு" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. டெய்லரும் டாக்டரும் ஒன்று, கேட்க வேண்டியதற்கு மேல் கேட்க மாட்டார்கள். ஆனால் நான் கேட்காத மூன்று விஷயங்களைச் செய்தார். வாயை நேராக வைத்தால் உட்காரும்போது விரிந்து உள்ளே இருப்பது தெரியும் என்று, கிராஸாகச் சாய்த்து வெட்டினார். பைத்துணிக்கு கெட்டியான காடாவை இரட்டையாகப் போட்டார். "கனமான சாமானா இருந்தா பை தொடையில ஆடும், அதான் இழுத்துப் பிடிக்கிறேன்" என்று பையின் உள் விளிம்பை முன்பக்க ஜிப் பட்டி வரை கொண்டுபோய்ச் சேர்த்துத் தைத்தார். ஆழம் வாயின் கீழ்முனையிலிருந்து ஐந்தரை. துப்பாக்கி உறை செய்யும் கம்பெனி எதிலும் இந்த விவரம் எனக்குக் கிடைத்ததில்லை.

திரும்பி வந்த வாரமே கண்ணாடி முன்னால் நின்றேன். பயிற்சிக்கு வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. சிலிண்டரைத் திறந்து ஐந்து தோட்டாவையும் கொட்டி, மனைவி கையில் எண்ணிக் கொடுப்பேன். அவள் இன்னொரு தரம் எண்ணி, பழைய முறுக்கு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவோடு வேறு அறைக்குப் போய்விடுவாள். சிலிண்டரில் போலித் தோட்டாக்கள் போட்டு, எதிரே ஆள் இல்லாத செங்கல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். காடாப் பாக்கெட்டில் நெமசிஸ். இருபது தடவை உருவினேன். இருபது தடவையும் உறை உள்ளேயே நின்றது. பழைய தோல் உறையையும் போட்டுப் பார்த்தேன், வீம்புக்கு. அது இப்போதும் கூடவே வந்தது.

துப்பாக்கியை மறுபடி உள்ளே வைப்பதில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். உறை பாக்கெட்டில் இருக்க, துப்பாக்கியை மட்டும் உள்ளே செருகக் கூடாது. குழல் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, உறையின் வாய் மடங்கியிருக்கலாம், இன்னொரு கையால் பாக்கெட்டை விரித்துப் பிடித்தால் அந்தக் கைக்கே நேராக இருக்கும் குழல். உறையை வெளியே எடுத்து, ரிவால்வரை அதில் போட்டு, இரண்டையும் ஒன்றாகப் பாக்கெட்டில் இறக்க வேண்டும். எடுக்கும்போதும் அப்படித்தான். இரவு வீடு வந்ததும் உறையோடு சேர்த்து எடுத்து, உறையோடு பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். டிரிகரை நானே நாள் கணக்கில் பார்ப்பதில்லை. வீட்டில் பள்ளிக்கூடப் பையன் இருக்கிறான். டெக்சஸில் 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கைக்கு எட்டும்படி துப்பாக்கியைப் பத்திரமில்லாமல் வைப்பதே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பூட்டித்தான் வைத்திருப்பேன்.

வலது பாக்கெட்டில் துப்பாக்கியைத் தவிர ஒன்றும் கிடையாது. சாவி, சில்லறை, பேனா எல்லாம் இடது பக்கம். இது கேட்கச் சுலபம். முப்பது வருஷமாக வலது பாக்கெட்டில் சாவி வைத்த கைக்கு மாற ஆறு மாதம் ஆனது. கூடுதல் தோட்டாவுக்கு, எல்லாத் தோட்டாவையும் ஒரேயடியாகச் சிலிண்டரில் இறக்கும் வட்டமான ஸ்பீட்லோடர் பாக்கெட்டில் எலுமிச்சம்பழம் மாதிரி புடைக்கும். பியாங்கி ஸ்பீட் ஸ்ட்ரிப் என்னும் தட்டையான ரப்பர் பட்டை இடது பாக்கெட்டில் இருப்பதே தெரியாது.

துணிப் பிசிறு ஒரு தொல்லை. காடாப் பை மூன்று நாளில் சிலிண்டர் இடுக்கிலும் குழல் வாயிலும் பஞ்சு அடைத்துவிடும். ஞாயிறுதோறும் காலி பண்ணி, பழைய பல்துலக்கியால் தட்டித் துடைத்து, உறையையும் கவிழ்த்துக் கொட்டுவேன். ஒரு முறை மூன்று வாரம் சோம்பல்பட்டுப் பார்த்தபோது, காலித் தோட்டாவைத் தள்ளும் நட்சத்திர வடிவப் பாகத்துக்கு அடியில் சின்னப் பொட்டலம் அளவு பஞ்சு. வியர்வையும் அப்படித்தான். 642-இன் சிலிண்டரும் குழலும் துருப்பிடிக்காத எஃகு என்று பேர். பேரில் இருப்பது போல முழுசாகத் துருப்பிடிக்காமல் இருக்காது, சோம்பேறிகளுக்குக் கொஞ்சம் தவணை கொடுக்கும். இதே ரிவால்வர் கறுப்பாக வரும் 442 என்ற மாடல் அந்தத் தவணையும் கொடுக்காது. ஒரு சொட்டு எண்ணெய் தடவிய துணி போதும். எண்ணெய் அதிகமானால் அதுவே பஞ்சைப் பிடித்துவைக்கும்.

இந்த ஏற்பாட்டில் சரி செய்ய முடியாத ஒன்று, உட்கார்ந்திருக்கும்போது எடுப்பது. கார் சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து ரிவால்வரை எடுப்பது ஏறத்தாழ முடியாத காரியம், வலுக்கட்டாயமாக முயன்றால் குழல் நம் தொடையைக் கடந்துதான் வரும். எந்த உறையும் இதற்குத் தீர்வில்லை. அதனால் என் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன்: கதவைப் பூட்டும் முன் கடையின் வெளிவிளக்கு எல்லாவற்றையும் போட்டு, கேமராவில் வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்து, சந்தேகமாக ஏதாவது இருந்தால் உள்ளேயே இருந்துவிடுவேன். பாக்கெட்டில் வைப்பதில் ஒரு லாபமும் உண்டு. கை பாக்கெட்டுக்குள் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அந்த அறுபது அடியும் பணப்பை இடது கையில், வலது கை பாக்கெட்டில். குளிர்காலத்தில் யாரும் நடப்பது மாதிரிதான் இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதை வெளியே எடுத்ததில்லை. எடுக்காமலே போகட்டும்.

போகும் இடமெல்லாம் எடுத்துப் போக முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். தபால் அலுவலகம், பள்ளிக்கூடம், கூட்டாட்சி அரசுக் கட்டடங்கள் கூடாது. டெக்சஸ் சட்டத்தின் 30.06 பிரிவைச் சொல்லி அறிவிப்புப் பலகை வைத்த தனியார் இடங்களில் லைசென்ஸ் இருந்தாலும் மறைத்துக் கொண்டுபோகக் கூடாது. பேர்லாந்து மீனாட்சி கோயிலுக்குப் போகும் நாளில் அது வீட்டுப் பெட்டகத்தில்தான். வேட்டியில் பாக்கெட் கிடையாது என்பது ஒரு பக்கம், அம்மன் சன்னிதியில் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க எனக்கு மனசு வராது என்பது இன்னொரு பக்கம்.

அண்ணாச்சி தைத்த மூன்று பேண்ட்டில் ஒன்று முட்டியில் தேய்ந்துவிட்டது. போன மாதம் வாட்ஸ்அப்பில் அதே அளவுக்கு இன்னும் நாலு வேண்டும் என்று அனுப்பினேன். "டிபன் பாக்ஸ் பாக்கெட் தானே தம்பி?" என்று பதில் வந்தது.

முதலில் வாங்கிய தோல் உறை மேஜை இழுப்பறையில் ரொம்ப நாள் கிடந்தது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா என்னத்தையோ தேடும்போது அதைக் கண்டுபிடித்து, என்ன பை இது என்று கேட்டாள். சொன்னேன். வாங்கிய விலையையும் கேட்டாள், அதைக் குறைத்துச் சொன்னேன். மறுநாள் பார்த்தால் அவளுடைய பாக்குவெட்டி அதற்குள் இருக்கிறது. இறுக்கமாக, ஆடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. "வெத்தலப் பைக்குள்ள கெடந்து கையக் கிழிச்சுக்கிட்டே இருந்துச்சுடா" என்றாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். பாக்குவெட்டி வந்தது, உறையும் கூடவே வந்தது.